இடம் எழுதாமல்

19.7.2025

ரஞ்சனி டீச்சருக்கு,

சசிரேகா எழுதுகிறேன். நாலாம் வகுப்பு இளமதியின் அம்மா.

மேலே இடம் போடவில்லை. கடிதம் என்றால் வலது பக்கம் இடமும் நாளும் போட வேண்டும், இடம் போடாவிட்டால் அரை மார்க் குறைப்பேன் என்று நீங்கள் வகுப்பில் சொன்னீர்களாம். இளமதி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஞாபகப்படுத்துகிறாள். என் அரை மார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசியிருக்கலாம். பேச மாட்டேன். திங்கட்கிழமை சாயங்காலமே சிம்மை உடைத்துப் போட்டுவிட்டுப் பிள்ளையோடு ஊரை விட்டு வந்துவிட்டேன். இளமதி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது அந்த நம்பர். நீங்கள் எடுத்துப் போட்ட வீடியோவில் அது பளிச்சென்று தெரிகிறது. பின்னால் சுவரில் பள்ளிக்கூடத்துப் பேர் தெரிகிறது. பிள்ளை தன் பேரைத் தானே சொல்கிறாள். ஒருவன் தேடிக் கண்டுபிடிக்க இதற்கு மேல் என்ன வேண்டும்?

போன வருஷம் சேர்க்க வந்தபோது உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். இவள் அப்பா சுகுமாரிடமிருந்து தப்பித்து வந்திருக்கிறோம், சின்னம்மா சொக்கம்மாள் வீட்டில் இருக்கிறோம், அவர் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்றேன். இடது கையை நீட்டிக் காட்டினேன். அது இன்னும் முழுசாக நீளாது. நீங்கள் தலையாட்டினீர்கள். பதின்மூன்று மாசம் நிம்மதியாகத் தூங்கினேன். உங்கள் ஒரு நிமிஷ வீடியோவில் எல்லாம் போயிற்று.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் சுகுமார் பள்ளிக்கூடத்தில் வந்து நின்றபோது நீங்கள் பயிற்சிக்குப் போயிருந்தீர்கள். சத்துணவு எல்லம்மாள் அக்காதான் பிள்ளையை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல நைனா, வேற இஸ்கூல்ல போய்ப் பாரு" என்று சொல்லியிருக்கிறாள். அவள் படித்தவள் இல்லை. அவளுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

எனக்கு மூன்று காரியம் ஆக வேண்டும். வீடியோவை எடுத்துவிடுங்கள். இளமதியின் டி.சி.யை அனுப்புங்கள். நான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே பரிமளா அக்கா என்று ஒருவர் தையல் கடை வைத்திருக்கிறார். அந்த விலாசம் தனித் துண்டுத் தாளில் இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள்.

சசிரேகா

*

உத்திரமேரூர்
26.7.2025

அன்புள்ள இளமதி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மேல் தப்பில்லை என்று காட்ட ஒரு தாளைத் தேடினேன், அதுவும் கிடைத்தது. ஜூன் மாதம் சீருடை அளவு எழுதிக் கொடுத்தீர்களே, அதன் பின்பக்கத்தில் குழந்தையின் படத்தையும் காணொளியையும் பள்ளி வெளியிடச் சம்மதம் என்று அச்சிட்டிருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு, அந்தத் தாளை உங்களிடம் நீட்டியபோது நான் சொன்னது ஞாபகம் வந்தது. "பாவாடை அளவு எழுதி, பின்னாடி ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க, சீக்கிரம், ஆள் நிக்கறாங்க" என்றேன். அந்தப் பின்பக்கத்தை நானே படித்ததில்லை.

இருந்தாலும் என் பக்கத்தையும் கேளுங்கள். போன வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது குழந்தைகள். தலைமையாசிரியர் ஆல்பர்ட் சாரும் நானும் மே வெயிலில் வீடு வீடாகப் போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டோம். தனியார் பள்ளி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும்போது எங்கள் பேச்சு யார் காதில் விழும்? அப்போதுதான் வீடியோ போடலாம் என்று தோன்றியது. மற்ற பிள்ளைகள் ஒப்பித்தார்கள். இளமதி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இன்னாத்துக்கு வேன்ல குலுங்கிக்கினு போயி வாந்தி எடுக்குறீங்க? எங்க இஸ்கூலுக்கு நடந்தே வரலாம். முட்டை கீது, ஊஞ்சல் கீது, எங்க மிஸ்ஸு அடிக்க மாட்டாங்க" என்றாள். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை. நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். மானாம்பதியிலிருந்துகூடப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். இப்போது முப்பத்தொன்று. உங்களை நினைக்காமல் போட்டுவிட்டேன். சந்தோஷத்தில் மறந்துவிட்டேன் என்பதுதான் உண்மை, அது சாக்கு ஆகாது.

வீடியோவை எடுத்துவிட்டேன்.

டி.சி. விஷயம் சிக்கலாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தத் திங்கட்கிழமையும் வந்தார். பள்ளிக்கூட வாசலில் பைக்கை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை, குடித்திருக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தார். ரேஷன் கார்டில் பேர் இருக்கிறது, பெற்ற அப்பா, டி.சி. எழுதினால் எந்த ஊர் என்று தனக்கும் சொல்ல வேண்டும் என்கிறார். கொடுத்தாலும் தப்பு, கொடுக்காவிட்டாலும் தப்பு என்று ஆல்பர்ட் சார் கையைப் பிசைகிறார்.

குழந்தை எப்படி இருக்கிறாள்? எட்டாம் வாய்ப்பாட்டில் பாதியில் விட்டுவிட்டுப் போனாள்.

அன்புடன்,
ஸ்ரீரஞ்சனி

*

9.8.2025

டீச்சருக்கு,

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

மாடியில் ஒரே ஒரு அறை. ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே ஒரு பேக்கரி. நான் காலை எட்டு மணிக்கு பனியன் கம்பெனிக்குப் போனால் திரும்பி வர ஆறு ஆகிவிடும். அதுவரை அவள் உள்ளே இருக்க வேண்டும். நான் வெளியே பூட்டிவிட்டுப் போகிறேன். டப்பாவில் சோறும் குடத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு, யார் தட்டினாலும் குரல் கொடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

சுகுமாரும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார். வேலைக்குப் போகும்போது எங்கள் இரண்டு பேரையும் வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார். அடியைக்கூடத் தாங்கிக்கொண்டேன், அந்தப் பூட்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்காகத்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். இப்போது சாவி என் இடுப்பில் இருக்கிறது. முதல் நாள் பூட்டும்போது இளமதி உள்ளேயிருந்து, "யம்மா, நம்ம பழைய வூடு மாதிரியே கீதே" என்றாள். கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன்.

அவள் அழவில்லை. துணிக்கு மாட்டுகிற கிளிப்புகளை வரிசையாக வைத்து வகுப்பு எடுக்கிறாள். உங்களை மாதிரியே மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொள்கிறாள், மூக்கில் கண்ணாடி இல்லாமலே. சாயங்காலம் நான் கதவைத் திறந்ததும், எந்தக் கிளிப்பு இன்றைக்கு லீவு என்று சொல்கிறாள். நேற்று ஒன்று கேட்டாள், மிஸ் தினமும் வருகைப் பதிவில் என் பேரைப் படிப்பாங்களா, விட்டுடுவாங்களா என்று.

இங்கே அரசுப் பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். டி.சி. பிறகு வந்தாலும் பரவாயில்லையாம், மாணவர் எண் சொன்னால் போதுமாம். கணினியில் அவர்கள் பக்கம் மாற்றிக்கொள்வார்களாம். மாற்றினால் உங்கள் பள்ளிக்கூடத்துக் கணினியில் எந்த ஊர் என்று தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. புதன்கிழமை கம்பெனியில் சாப்பிடும்போது பக்கத்தில் இருந்த பெண் போனைக் காட்டிச் சிரித்தாள். பார்த்தால் என் மகள். "முட்டை கீது, ஊஞ்சல் கீது." யாரோ அதற்குச் சினிமா மெட்டு போட்டிருந்தார்கள். கீழே ஆம்பளைகள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒன்பது வயசுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிற எழுத்தா அது? இந்தக் காகிதத்தில் அதை எழுத என் கை வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாத மாதிரி நானும் சிரித்துவைத்தேன்.

எடுத்துவிட்டேன் என்று எழுதினீர்களே டீச்சர்?

சசிரேகா

*

உத்திரமேரூர்
18.8.2025

அன்புள்ள இளமதி அம்மாவுக்கு,

நீங்கள் பார்த்தது யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டுக்கொண்ட நகல். அப்படிப் பதினேழு இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்து வருகிறேன். ஆறு போயிற்று. ஒன்று போனால் இன்னொன்று முளைக்கிறது. கீழே எழுதியிருப்பதை நானும் படித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், தெரியும். அந்த எண்ணை எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் ஆல்பர்ட் சாரின் மேசை மேல் இருக்கும் கணினியில் பள்ளியின் பேரும் ஊரும் வந்துவிடும். ஆல்பர்ட் சார் நல்ல மனிதர். ஆனால் எதிரில் ஒருவர் அழுதால் அவரால் தாங்க முடியாது. போன வாரம் உங்கள் வீட்டுக்காரர் அவர் முன்னால் உட்கார்ந்து, "எம் பொண்ணு எந்த ஊர்ல கீதுன்னு மட்டும் சொல்லுங்க சார், வேற ஒண்ணும் வேணாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சார் என்னை வெளியே அழைத்துப் போய், பாவமாக இருக்கிறதே என்றார். உங்கள் கையைப் பற்றிச் சொன்னேன். அதற்கப்புறம்தான் வாயை மூடிக்கொண்டார். அதனால் கோர்ட்டில் ஓர் உத்தரவு கிடைக்கிறவரை எண்ணைக் கொடுக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசினேன். நீங்கள் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் உதவுவார்கள். ஒளிந்திருப்பவள் வெளியே வந்தால்தான் ஒளிந்திருக்க உத்தரவு கிடைக்கும் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டேன். பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடாதீர்கள், போட்டால் பேரும் ஊரும் சீருடையும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பேரில் கணக்கு தொடங்கிக் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். தாமோதரன் எழுந்தார், மூன்றாம் வகுப்பு விஜய்யின் அப்பா. "அந்தப் பொண்ணை மட்டும் ஊரு ஒலகமெல்லாம் காட்டினீங்க, எம் புள்ள ஆடுனா மட்டும் போடக் கூடாதா?" என்று கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். தொடங்கிவைத்தவள் நான்தானே. உங்கள் கதையைச் சொன்னால் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள். அதைச் சொல்லக் கூடாது. அதனால் மறுநாள் அடையாள அட்டைகளை வாங்கி, அவற்றில் இருந்த நம்பர்களின் மேல் நானும் எல்லம்மாளும் வெள்ளைத் தாள் ஒட்டினோம். ஆனது அவ்வளவுதான்.

வாசலில் அவர் தன் போனைப் பிள்ளைகளிடம் கொடுத்து இளமதி வீடியோவைப் பார்க்கச் சொல்கிறார். அவள் பிள்ளைகளோடு பேசுகிறாளா, யார் போனிலாவது வந்தாளா என்று கேட்கிறார். நான் போய்ப் பிள்ளைகளை உள்ளே இழுத்து வருகிறேன். அவர் எனக்கு வணக்கம் சொல்கிறார்.

வருகைப் பதிவில் இளமதியின் பேரைத் தினமும் படிக்கிறேன். அதை அவளிடம் சொல்லுங்கள். "வரல மிஸ்" என்று எல்லாரும் சேர்ந்து சொல்கிறார்கள்.

ஸ்ரீரஞ்சனி

*

4.9.2025

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "வரல மிஸ்" என்று இரண்டு நாளாகக் கிளிப்புகளையெல்லாம் சொல்லவைக்கிறாள்.

போன வாரம் எனக்கு பேஜாராகப் போய்விட்டது. நான் பூட்டுவதற்கு முன்னால் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டுப் பூட்டினேன். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது, வேறு என்ன செய்வேன்? அன்றைக்கு முழுக்க என் விரலில் அவள் விரல் இருந்த மாதிரியே இருந்தது.

கீழ் வீட்டுக்கார அம்மா நல்லவர். பிள்ளை தனியாக இருக்கிறதே என்று தன்னுடைய பழைய போன் ஒன்றைக் கொடுத்தார். சிம் கிடையாது, யாரும் கூப்பிட முடியாது. வீட்டு வைஃபையை அதில் போட்டுக் கொடுத்திருக்கிறார். பாட்டு, கார்ட்டூன் பார்க்கிறாள். இந்த நாலு நாளாகக் கதவைப் பிடிப்பதில்லை. நான் கிளம்பினால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

கோபத்தில் நிறைய எழுதிவிட்டேன். வேண்டுமென்று நீங்கள் செய்யவில்லை என்று தெரியும். இங்கே ஒரு வக்கீல் அம்மாவைப் பார்க்கலாம் என்று பரிமளா அக்கா சொல்கிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு ஆசிரியர் தினமாம். வாழ்த்து சொல்லச் சொன்னாள். சொல்லிவிட்டேன்.

சசிரேகா

*

காஞ்சிபுரம் பேருந்து நிலையம்
12.9.2025, காலை

சசிரேகா,

இந்தக் கடிதத்தை நானே கொண்டு வருகிறேன். தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும். உங்களுக்குப் போன் கிடையாது, பரிமளாவின் நம்பரும் என்னிடம் இல்லை. உங்களைப் பார்க்க முடியாவிட்டால் கடை ஷட்டருக்கு அடியில் தள்ளிவிடுவேன். பார்த்தாலும் இதைத்தான் கையில் கொடுப்பேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

நான் பொய் சொன்னேன். வீடியோவை எடுக்கவில்லை.

முதல் கடிதம் வந்த அன்றே எடுக்கப் போனேன். கை அங்கேயே நின்றது. ஆசிரியர் தினத்தன்று வட்டார அளவில் பரிசுக்கு அந்த வீடியோவைப் பரிந்துரைத்திருந்தார்கள். அதுவரை இருக்கட்டும், பார்க்க வேண்டியவன் எப்படியும் பார்த்துவிட்டான், இனி எடுத்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினெட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். ஒரு ஆளாவது பார்த்து நன்றாகச் செய்தாய் என்று சொன்னதில்லை. நாலு லட்சம் பேர் சொன்னார்கள். அதை அழிக்க மனசு வரவில்லை. பரிசும் வாங்கினேன். கேடயம் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நேற்று ராத்திரி பள்ளியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். வீடியோவுக்குக் கீழே செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் எழுதியிருந்தார். "மிஸ் நான் தான் இளமதி. நான் ரூம்ல கீறேன். அம்மா பூட்டிட்டு போயிடும். என் பேர் படிக்கிறீங்களா." அதோடு உங்கள் ஊரின் பேர். அதை இங்கே எழுத மாட்டேன்.

அதற்குக் கீழே ஒரு கணக்கு கேட்டிருக்கிறது. "எங்க பாப்பா? பக்கத்துல என்ன கடை இருக்கு?" குழந்தை பேக்கரியின் பேரைச் சொல்லியிருக்கிறாள். மஞ்சள் போர்டு என்றும் சொல்லியிருக்கிறாள். அந்தக் கணக்கில் முகம் இல்லை, ஒரு பைக்கின் படம் இருக்கிறது. அந்த பைக்கை நான் எட்டுத் திங்கட்கிழமையாகப் பள்ளி வாசலில் பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு அழித்துவிட்டேன். வீடியோ, பக்கம், எல்லாம் போயிற்று. ஜூலையில் செய்திருந்தால் அவள் வந்து எழுத இடமே இருந்திருக்காது.

இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷமே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள். அவள் எனக்குத்தான் எழுதினாள்.

ஸ்ரீரஞ்சனி

*

5.10.2025

டீச்சருக்கு,

வேறு ஊர். இடம் போடவில்லை. இனிமேலும் போட மாட்டேன். உங்கள் பதிலைப் பழைய கடை விலாசத்துக்கே எழுதுங்கள், பரிமளா அக்கா சேர்த்துவிடுவார்.

அன்றைக்கு நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அலைகிறேன். ஆறு மணிக்கு மாடிப்படி ஏறினேன். என் கதவுக்கு வெளியே ஒருத்தர் தரையில் உட்கார்ந்து, கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனால் நீங்கள். உள்ளேயிருந்து அவள் குரல், "எட்டேழு அம்பத்தாறு." வெளியே நீங்கள், "எட்டெட்டு?" பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலரை மணி நேரமாக அப்படியே இருந்தீர்கள் என்று கீழ் வீட்டுக்கார அம்மா சொன்னார். பரிமளா அக்கா வழி காட்டிவிட்டு என் கம்பெனிக்கும் ஆள் அனுப்பினாராம், கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சாவி இல்லாததால் திறக்க முடியவில்லை, விட்டுப் போகவும் மனசில்லை, அதனால் பாடம் நடத்துகிறார்கள் என்றார்.

கடிதத்தை நின்றபடியே படித்தேன். உங்களை அறையலாம் என்று கை வந்தது. பூட்டைத் திறந்தேன். அவள் ஓடி வந்து உங்கள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், என்னை இல்லை. அப்போதுதான் உங்களுக்குக் கையால் படியைக் காட்டினேன்.

அரை மணி நேரத்தில் இரண்டு பையில் கட்டிக்கொண்டு கிளம்பினோம். மறுநாள் காலை பேக்கரி வாசலில் ஒரு பைக் நின்றதாகப் பரிமளா அக்கா சொல்லி அனுப்பினார். டீ குடித்துக்கொண்டு மாடியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று நாள் இருந்திருக்கிறார்.

நீங்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் நினைக்கிறேன். நீங்கள் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நீங்கள் வரவே வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். இரண்டையும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். எந்தப் பக்கமும் முடியவில்லை.

வக்கீல் அம்மாவைப் பார்த்துவிட்டேன். மனு கொடுக்கப் போகிறோம். சுகுமார் பள்ளி வாசலில் வந்து நின்றதையும், பிள்ளைகளிடம் விசாரித்ததையும், அந்தக் கணக்கு கேட்ட கேள்வியையும் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஏன் அந்த வீடியோ செப்டம்பர் வரை அங்கே இருந்தது என்று கோர்ட்டில் கேட்பார்கள். அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். யோசித்துச் செய்யுங்கள்.

சசிரேகா

*

உத்திரமேரூர்
17.10.2025

அன்புள்ள இளமதி அம்மாவுக்கு,

யோசிக்கவில்லை. எழுதிவிட்டேன். ஆறு பக்கம், படங்களோடு இணைத்திருக்கிறேன். எடுக்கச் சொல்லி நீங்கள் கேட்டதும், எடுத்துவிட்டேன் என்று நான் பொய் எழுதியதும் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பிரதியை ஆல்பர்ட் சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, இதைக் கொடுத்தால் உங்களுக்கு மெமோ வரும் அம்மா என்றார். வரட்டும் சார் என்றேன். வந்தும் விட்டது. கேடயத்தை வட்டார அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தேன். வாங்கி எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, மேசைக்கு அடியில் வைத்தார்கள்.

எந்தத் தேதிக்குக் கூப்பிட்டாலும் வருகிறேன்.

உத்தரவு கிடைத்ததும் அதன் நகல் பள்ளிக்கு வந்தால் போதும். இளமதியின் விவரத்தை அப்பா உட்பட யாருக்கும் சொல்லக் கூடாது என்று அதில் இருந்தால் ஆல்பர்ட் சார் கல் மாதிரி இருப்பார், எதிரில் யார் அழுதாலும். எழுத்தில் ஒரு வரி இருந்தால் அவருக்குத் தைரியம் வந்துவிடும்.

பள்ளிப் பக்கம் இல்லாமல் போனதில் ஊரில் எல்லாருக்கும் என் மேல் கோபம். தாமோதரன் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எல்லம்மாள் மட்டும் தட்டில் ஒரு முட்டையை எடுத்துத் தனியாக வைக்கிறாள், இளமதியின் பங்கு என்று. கடைசியில் யாராவது ஒரு பிள்ளைக்குப் போகிறது.

அவள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். மன்னிப்பு கேட்டு எழுதவில்லை. அந்த ஒரு வரி போதும்.

ஸ்ரீரஞ்சனி

*

11.11.2025

டீச்சருக்கு,

உத்தரவு வந்துவிட்டது. உங்கள் ஆறு பக்கத்தை நீதிபதி அம்மா இரண்டு முறை படித்தார்கள் என்று வக்கீல் சொன்னார். இப்போதைக்குத்தான் இந்த உத்தரவு, வழக்கு நடக்கும். காகிதம் என் பையில் இருக்கிறது. அது சுகுமாரின் காலைக் கட்டிவைக்காது என்று எனக்குத் தெரியும். தெருவில் பைக் சத்தம் கேட்டால் இன்னமும் சுவரோடு ஒட்டி நிற்கிறேன்.

இளமதி பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான். அறையை இப்போது பூட்டுவதில்லை. இருந்தாலும் காலையில் கிளம்பும்போது என் கை தானாக இடுப்பில் சாவியைத் தேடுகிறது.

முதல் நாள் நானும் கூட நின்றேன். புதுப் பிள்ளை என்று அந்த டீச்சர் ஆசையாகப் போனை எடுத்து, இங்கே பார், சிரி என்றார். நான் வாயைத் திறக்கும் முன்னால் இவள் நோட்டை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். நான் அவளுக்கு அப்படிச் சொல்லித் தந்ததில்லை. வகுப்பே சிரித்தது. எவ்வளவு சொல்லியும் நோட்டை இறக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கப் பேசின பிள்ளை அவள். பிழைத்துக்கொள்வாள் என்று சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் வாசலில் நின்றேன்.

உங்களை மன்னித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதுகிறேன். அவள் எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். நான் திருத்தவில்லை.

சசிரேகா

*

இடம்:
நாள்: 11.11.2025

அன்புள்ள மிஸ்ஸுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா. எல்லம்மாள் ஆன்ட்டி நலமா. இங்கேயும் முட்டை உண்டு. ஊஞ்சல் இல்லை. எட்டாம் வாய்ப்பாடு முழுசாகச் சொல்லிவிட்டேன், புது மிஸ் வெரி குட் போட்டார்கள்.

நான் போனில் எழுதியதால் தான் நாங்கள் ஊர் மாறினோம். அம்மா என்னைத் திட்டவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது.

மிஸ், மேலே இடம் எழுதவில்லை என்று அரை மார்க் குறைக்காதீர்கள். எனக்கு இடம் தெரியும். எழுத்துப் பிழை இல்லாமல் எழுதவும் தெரியும். எழுதத்தான் கூடாது.

பேர் எழுதலாமா என்று அம்மாவைக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம்.